சிஇ–எம்எஸ்: கேப்பிலரியில் பிரித்து நிறையால் அடையாளம் காண்பது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மயிரிழை போன்ற குழாயில் புரதங்களைப் பிரித்து, வெளியே வரும்போதே நிறை நிறமாலைமானிக்குள் அனுப்பும் முறையைப் பற்றி, புதிதாகச் சேருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. அந்தக் குழாய்க்கு நுண்குழாய் என்று நல்ல தமிழ்ப் பெயர் உண்டு. ஆனால் வேலை செய்யும் இடத்தில் எல்லோர் வாயிலும் வருவது கேப்பிலரிதான் என்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன். கேப்பிலரிக்குள் மின்புலத்தால் நகர்த்திப் பிரிக்கும் கேப்பிலரி எலக்ட்ரோஃபோரிசிஸ் என்பதைச் சுருக்கி சிஇ என்றும், நிறை நிறமாலைமானியை எம்எஸ் என்றும் சொல்வது வழக்கம்.

எம்எஸ் கருவி ஒரு டால்டன் (ஏறத்தாழ ஒரு ஹைட்ரஜன் அணுவின் நிறை) வித்தியாசத்தைக்கூடக் காட்டுமாமே. பிறகு அதற்கு முன்னால் கேப்பிலரி எதற்கு?

ஹீமோகுளோபினை எடுத்துக்கொள்வோம். 1949-இல் லைனஸ் பாலிங்கின் குழு, அரிவாள் செல் சோகை உள்ளவர்களின் ஹீமோகுளோபின் மின்புலத்தில் மற்றவர்களுடையதைப் போல நகர்வதில்லை என்று காட்டியது. காரணம் என்ன என்பதை அடுத்த சில ஆண்டுகளில் வெர்னான் இங்கிராம் கண்டுபிடித்தார். புரதத்தை டிரிப்சின் என்ற நொதியால் வெட்டி, துண்டுகளைத் தாளின் ஒரு திசையில் எலக்ட்ரோஃபோரிசிஸாலும் மறு திசையில் குரோமட்டோகிராபியாலும் பிரித்துப் பார்த்தார். பீட்டா சங்கிலியின் 6-ஆம் இடத்தில் குளூட்டாமிக் அமிலம் போய் வேலின் வந்திருந்தது.

இப்போது மூன்று மாறுபாடுகளை அருகருகே வைத்துப் பாருங்கள். இயல்பான பீட்டா சங்கிலியின் நிறை 15,867 டால்டன். அரிவாள் செல் சோகையில் வரும் எஸ் வகையில் 6-ஆம் இடத்தில் வேலின்: நிறை 30 குறையும், ஒரு எதிர்மின்சுமை போகும். டி-பஞ்சாப் வகையில் 121-ஆம் இடத்தில் குளூட்டமின்: நிறை ஒன்றுதான் குறையும், ஆனால் இங்கும் ஒரு எதிர்மின்சுமை போகும். சி வகையில் 6-ஆம் இடத்தில் லைசின்: நிறை ஏறத்தாழ ஒன்று குறையும், எதிர்மின்சுமை போவதோடு ஒரு நேர்மின்சுமை புதிதாகச் சேரும்.

மின்சுமையை மட்டும் பார்த்தால் எஸ்ஸும் டியும் ஒன்றாகவே ஓடும். கார பிஹெச்சில் ஹீமோகுளோபின் சோதனை செய்பவர்களுக்கு இது பழைய தலைவலி. நிறையை மட்டும் பார்த்தாலோ எஸ் தனியாக நிற்கும், டியையும் சியையும் பிரிக்க முடியாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மூன்றும் மூன்று இடத்தில் இருக்கும். சிஇ–எம்எஸ் எதற்கு என்று யாராவது கேட்டால் நான் இந்த மூன்றையும்தான் எழுதிக் காட்டுவேன். பிரிக்கும் திறன் கூடுகிறது என்பது அதற்கு அப்புறம்தான். ஒன்றின் கண்ணுக்குத் தப்புவது மற்றதில் மாட்டுகிறது, விஷயம் அதுதான்.

ஒரு டால்டன் கணக்குக்கு வருவோம். சிறிய பெப்டைடில் அந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். முழுப் புரதத்தில் அப்படியில்லை. கார்பன்-13 போன்ற ஐசோடோப்புகள் இயற்கையிலேயே கலந்திருப்பதால் 15,867 என்பது ஒரு கோடாக வராது, பத்து டால்டனுக்கும் மேல் அகலமான மேடாக வரும். ஒரு டால்டன் தள்ளி இன்னொரு மேடு இருந்தால் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று கவிந்துவிடும். இரண்டும் வெவ்வேறு நிமிடங்களில் வந்து சேர்ந்தால் இந்தச் சிக்கலே எழாது.

கேப்பிலரிக்குள் உண்மையில் என்ன நடக்கிறது?

உள்விட்டம் 25 முதல் 100 மைக்ரோமீட்டர் வரை, வெளிவிட்டம் பெரும்பாலும் 360 மைக்ரோமீட்டர். சிலிக்காவால் ஆனது. உடையாமல் வளைவதற்காக வெளியே பாலிஇமைடு பூச்சு இருக்கும், அந்தப் பழுப்பு நிறம் அதனால்தான். உள்ளே மின்கடத்தும் கரைசலை நிரப்பி, ஒரு முனையில் சில நானோலிட்டர் மாதிரியை ஏற்றி, இரு முனைகளுக்கும் இடையே 20 முதல் 30 கிலோவோல்ட் கொடுத்தால், ஒவ்வொரு புரதமும் தன் மின்சுமைக்கும் பருமனுக்கும் ஏற்ற வேகத்தில் நகரும்.

கூடவே இன்னொரு ஓட்டமும் உண்டு. சிலிக்காச் சுவரில் உள்ள சைலனால் தொகுதிகள் மிகுந்த அமிலத்தில் அல்லாமல் மற்ற நேரங்களில் எதிர்மின்சுமை பெறும். அதற்கு ஈடாகச் சுவரோரம் சேரும் நேர்மின் அயனிகள் மின்புலத்தில் நகரும்போது மொத்தத் திரவத்தையும் எதிர்மின்முனை பக்கம் இழுத்துச் செல்லும். இதுதான் எலக்ட்ரோஆஸ்மோசிஸ் ஓட்டம். பம்பு தள்ளும் நீர் நடுவில் வேகமாகவும் ஓரத்தில் மெதுவாகவும் போகும். இது குறுக்குவெட்டு முழுக்க ஒரே வேகத்தில் போவதால் பட்டைகள் அதிகம் அகலமாவதில்லை.

ஏன் இவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டும்?

சூடுதான் காரணம். மின்சாரம் பாய்ந்தால் கரைசல் சூடாகும், சூடானால் உள்ளே சுழலோட்டம் வந்து பிரிந்தவை மறுபடி கலக்கும். 1930-களில் ஆர்னே டிசிலியஸ் யு வடிவக் குழாயில் செய்தபோதே இந்தத் தொல்லை இருந்தது. ஜெல் வந்ததற்கு ஒரு காரணம், அது சுழலோட்டத்தைத் தடுக்கும் என்பது. குழாயையே மெல்லியதாக்கினால் சூடு சுவர் வழியே உடனே வெளியேறும், ஜெல்லே தேவையில்லை. 1981-இல் ஜேம்ஸ் ஜார்கன்சனும் கிரின் லூகாக்ஸும் 75 மைக்ரோமீட்டர் குழாயில் 30 கிலோவோல்ட் வரை கொடுத்துச் செய்து காட்டியது இதைத்தான்.

நானோ எல்சியும் (மிகச் சிறு அளவில் செய்யும் திரவ குரோமட்டோகிராபி) கேப்பிலரியில்தானே நடக்கிறது? அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஆமாம், அதுவும் கேப்பிலரிதான். 75 மைக்ரோமீட்டர் குழாயில் நீர்வெறுக்கும் சி18 துகள்களை அடைத்து நிமிடத்துக்கு 200–300 நானோலிட்டர் ஓட்டுவது நானோ எல்சி. 4.6 மில்லிமீட்டர் விட்டமுள்ள வழக்கமான எல்சி குழாயோடு ஒப்பிட்டால் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 3,700 மடங்கு குறைவு. அதே அளவு புரதம் அந்த அளவுக்குச் செறிவாக வெளியே வரும். பெப்டைடுகளுக்கு உலகம் முழுவதும் இதுவே நடைமுறை, அது மாறப்போவதாக எனக்குத் தோன்றவில்லை.

எல்சி நீர்வெறுப்பைக் கொண்டு பிரிக்கிறது, சிஇ மின்சுமையையும் பருமனையும் கொண்டு பிரிக்கிறது. இது எல்லோருக்கும் தெரிந்தது. பலர் கவனிக்காத இன்னொன்று உண்டு. சிஇயில் கிடைக்கும் தட்டு எண்ணிக்கை, அதாவது பட்டைகள் எவ்வளவு கூர்மை என்பதற்கான அளவு, மூலக்கூறின் நகர்திறனை (மின்புலத்தில் எவ்வளவு வேகமாக நகரும் என்பதன் அளவு) மின்னழுத்தத்தால் பெருக்கி, விரவல் கெழுவின் (தானாகப் பரவும் வேகத்தின் அளவு) இரு மடங்கால் வகுத்தால் வரும். விரவல் கெழு வகுக்கும் இடத்தில் இருக்கிறது. பெரிய புரதம் மெதுவாகத்தான் விரவும், ஆகவே மூலக்கூறு பெரிதாகப் பெரிதாகப் பட்டை கூர்மையாக வேண்டும். எல்சியில் நேர் எதிர்: பெரிய மூலக்கூறு துகளின் துளைகளுக்குள் போய் வருவதற்குள் பட்டை அகலமாகிவிடும். முழுப் புரதங்களுக்கு சிஇ பக்கம் நான் சாய்வது இதனால்தான். சுவரில் ஒட்டாமல் இருந்தால் என்ற நிபந்தனை உண்டு, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சிஇயையும் எம்எஸ்ஸையும் இணைப்பது ஏன் அவ்வளவு கடினம் என்கிறார்கள்?

எல்சியின் முனையில் பம்பு இருக்கிறது, திரவம் தொடர்ந்து வருகிறது, தெளிப்பானில் மாட்டினால் வேலை முடிந்தது. சிஇக்கு இரு முனையும் மின்சுற்றில் இருக்க வேண்டும். வழக்கமாக வெளி முனை ஒரு பஃபர் (பிஹெச்சை நிலையாகத் தாங்கும் கரைசல்) குப்பியில் மூழ்கியிருக்கும். எம்எஸ்ஸோடு இணைக்கும்போது அந்தக் குப்பி இல்லை, முனை காற்றில் நிற்கிறது. அந்த ஒரே முனை பிரிக்கும் சுற்றையும் மூட வேண்டும், எலக்ட்ரோஸ்பிரே, அதாவது திரவத்தை மின்சுமையுள்ள நுண்துளிகளாக்கும் தெளிப்புக்கான மின்னழுத்தத்தையும் பெற வேண்டும், நிமிடத்துக்குச் சில பத்து நானோலிட்டர் மட்டுமே வரும் திரவத்தை நிலையான கூம்பாகத் தெளிக்கவும் வேண்டும். உள் முனையில் 30, தெளிப்பு முனையில் 2 கிலோவோல்ட் இருந்தால் பிரிப்பதற்குக் கிடைப்பது 28தான். இந்தக் கழித்தலை மறந்துவிட்டு நகர்திறனைக் கணக்கிடுபவர்கள் எல்லா ஆண்டும் வருகிறார்கள்.

1987-இல் ரிச்சர்ட் ஸ்மித்தின் குழு முதன்முதலாக இரண்டையும் எலக்ட்ரோஸ்பிரே மூலம் இணைத்துக் காட்டியது. ஜான் ஃபென் பெரிய புரதங்களை எலக்ட்ரோஸ்பிரேயில் பறக்கவிட்டது அதற்கடுத்து, 1988-ஐ ஒட்டி. அவருக்கு 2002-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அன்றிலிருந்து இன்றுவரை இந்தத் துறையின் வரலாறு பெரும்பாலும் அந்த ஒரு முனையின் வரலாறுதான்.

இன்று புழக்கத்தில் உள்ளவை முக்கியமாக மூன்று. முதலாவது உறைத் திரவ முறை. கேப்பிலரியைச் சுற்றி ஓர் உலோகக் குழாய், அதன் வழியே ஆல்கஹாலும் நீரும் சிறிது அமிலமும் கலந்த திரவம் நிமிடத்துக்குச் சில மைக்ரோலிட்டர். மின்தொடர்பும் கிடைக்கும், தெளிப்பும் நிலையாக இருக்கும். ஆனால் கேப்பிலரியிலிருந்து வருவது நானோலிட்டர், சுற்றி வருவது மைக்ரோலிட்டர். கூர்மையாகப் பிரித்ததைக் கொண்டுபோய் நூறு மடங்கு நீர்க்கச் செய்கிறோம்.

இரண்டாவது உறையில்லா முறை. முனையில் சில சென்டிமீட்டர் சுவரை அமிலத்தால் அரித்து அரித்து, அயனிகள் மட்டும் ஊடுருவும் அளவுக்கு மெலிதாக்குவார்கள். 2007-இல் மெஹ்டி மொய்னி வெளியிட்ட நுட்பம் இது. மின்முனை வெளியே இருப்பதால், நீர் மின்னாற்பகுப்பால் வரும் குமிழிகள் கேப்பிலரிக்குள் நுழைவதில்லை. உணர்திறன் அருமை. ஆனால் அந்த முனையைத் தொட்டாலே உடையும், விலையும் அதிகம்.

மூன்றாவது, நார்மன் டோவிச்சியின் குழு 2010-இல் கொண்டுவந்தது: கூரான கண்ணாடி முனைக்குள் கேப்பிலரியைச் செருகி, உறைத் திரவத்தைப் பம்பு இல்லாமல் எலக்ட்ரோஆஸ்மோசிஸாலேயே நானோலிட்டர் அளவில் ஓட்டுவது. நீர்ப்பு மிகக் குறைவு, கேப்பிலரி பழுதானால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். புதிதாக ஆரம்பிப்பவர் உறைத் திரவ முறையில் கை பழகி, பிறகு இதற்கு வருவது நல்லது என்பது என் கருத்து. முதல் நாளே அரித்த முனையை வாங்கி மாட்டியவர்கள் முதல் மாதத்தில் கற்றுக்கொள்வது பெரும்பாலும் பொறுமையைத்தான்.

பாஸ்பேட் பஃபரை ஏன் பயன்படுத்தக் கூடாது?

ஆவியாகாது. தெளிப்பில் நீர் போனதும் உப்பு மிஞ்சி, புரதத்தோடு ஒட்டி, அயனி வாயிலையும் அடைக்கும். போரேட், எஸ்டிஎஸ் என்ற சோப்புப் பொருள் போன்றவற்றுக்கும் அதே கதி. பயன்படுத்த மிஞ்சுவது ஆவியாகக்கூடிய ஃபார்மிக் அமிலம், அசிட்டிக் அமிலம், அம்மோனியம் அசிட்டேட், அம்மோனியம் பைகார்பனேட்.

இங்கே பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. தெளிப்பு நன்றாக வருகிறது என்பதற்காக எல்லாவற்றையும் 10 சதவீத அசிட்டிக் அமிலத்தில், பிஹெச் 2 அருகில், ஓட்டுவார்கள். மேலே சொன்ன ஹீமோகுளோபின்களை அதில் ஓட்டிப் பாருங்கள். அந்த அமிலத்தில் குளூட்டாமிக் அமிலம் தன் எதிர்மின்சுமையை ஏறக்குறைய முழுக்க இழந்துவிடும். அது குளூட்டமினாக மாறினாலும் வேலினாக மாறினாலும் மின்சுமையில் வித்தியாசமே இராது. இயல்பானதும் எஸ்ஸும் டியும் ஒன்றாக வரும், லைசின் ஏறிய சி மட்டும் கொஞ்சம் முந்தும். பிரிக்க வேண்டிய வித்தியாசம் எந்தப் பிஹெச்சில் உயிரோடு இருக்கிறது என்று முதலில் கேளுங்கள், பஃபரை அப்புறம் தேர்ந்தெடுங்கள்.

இன்னொரு சிறு விஷயம்: பிஹெச் 7-இல் அம்மோனியம் அசிட்டேட் உண்மையில் பஃபரே அல்ல. அது தாங்குவது 4.8-ஐ ஒட்டியும் 9.2-ஐ ஒட்டியும்தான். எல்லோரும் பஃபர் என்று சொல்கிறோம், பழக்கதோஷம்.

புரதம் சுவரில் ஒட்டிக்கொள்கிறதே?

ஒட்டத்தான் செய்யும். சுவர் எதிர்மின்சுமை, லைசின் நிறைந்த புரதம் நேர்மின்சுமை. பட்டை வால் நீண்டு வரும், அடுத்த ஓட்டத்தில் நேரம் தள்ளிப்போகும், நாலாவது ஓட்டத்தில் ஒன்றுமே வராது. மிகுந்த அமிலத்தில் சுவரின் மின்சுமை அடங்குவதால் கொஞ்சம் தப்பலாம். நிலையான தீர்வு சுவருக்குப் பூச்சு. 1985-இல் ஸ்டெல்லன் யெர்டேன் சிலிக்காவோடு வேதிப்பிணைப்பில் கட்டிய பாலிஅக்ரிலமைடு இன்றும் முழுப் புரதங்களுக்கு முதல் தேர்வு. அது மின்சுமையற்றது, எலக்ட்ரோஆஸ்மோசிஸையும் ஏறத்தாழ நிறுத்திவிடும். பாலிஎத்திலீன்இமின் போன்ற நேர்மின் பூச்சுகள் நேர்மின் புரதத்தை விலக்கித் தள்ளும். ஓட்டம் திசை மாறும் என்பதால் மின்னழுத்தத்தின் முனைகளையும் மாற்ற வேண்டும். மாற்ற மறந்தால் மாதிரி பின்வழியாகக் குப்பிக்கே திரும்பிவிடும்.

எம்எஸ்ஸோடு இணைக்கும்போது பஃபரில் கரைத்துப் பூசும் தற்காலிகப் பூச்சுகளை நான் தவிர்ப்பேன். சுவரை விட்டுக் கிளம்பும் பாலிமர் நேரே எம்எஸ்ஸுக்குள்தான் போகும்.

சில நானோலிட்டர்தான் ஏற்றுகிறோம் என்றால் உணர்திறன் எப்படி நல்லது என்கிறார்கள்?

இரண்டு வேறு விஷயங்களை ஒரே சொல்லால் அழைப்பதால் வரும் குழப்பம் இது. ஒரு மீட்டர் நீளம், 50 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள கேப்பிலரியின் மொத்தக் கொள்ளளவே 2 மைக்ரோலிட்டர். அதில் ஒரு சதவீதம் ஏற்றினால் 20 நானோலிட்டர். லிட்டருக்கு ஒரு நானோமோல் செறிவுள்ள கரைசலில் 10 நானோலிட்டர் எடுத்தால் உள்ளே போவது 10 அட்டோமோல் (ஒரு அட்டோமோல் என்பது மோலில் 10⁻¹⁸ பங்கு) மட்டுமே. கருவி அதையும் காணும் என்றால் பொருளின் அளவைப் பொறுத்தவரை உணர்திறன் அபாரம். ஆனால் உங்களிடம் நீர்த்த கரைசல் மில்லிலிட்டர் கணக்கில் இருந்தால் அதனால் பயனில்லை. நானோ எல்சி அதில் சில மைக்ரோலிட்டரை உள்ளிழுத்து, தன் குழாயின் தலையிலேயே செறிவாக்கிக்கொள்ளும்.

ஆகவே மாதிரியே துளியளவு என்றால் சிஇ. ஒரு சிவப்பணுவில் இருக்கும் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 450 அட்டோமோல். 1990-களிலேயே ஸ்மித்தின் குழு ஒற்றைச் சிவப்பணுவை கேப்பிலரிக்குள் இழுத்து, அங்கேயே உடைத்து, ஆல்பா, பீட்டா சங்கிலிகளை அளந்துவிட்டது. அண்மைக் காலத்தில் பீட்டர் நெமஸின் குழு தவளைக் கருவின் தனித்தனி செல்களில் புரதங்களைத் தேடுவதும் இதே வழியில்தான்.

செறிவு குறைவு, ஆனாலும் சிஇதான் வேண்டும் என்றால் குழாய்க்குள்ளேயே செறிவாக்கும் வழிகள் உண்டு. எனக்குப் பிடித்தது பிஹெச் சந்திப்பு: மாதிரியை அம்மோனியம் பைகார்பனேட்டில், கார நிலையில், நீளமாக ஏற்றி, சுற்றிலும் அமிலத்தை வைத்தால், எல்லை நகர நகர புரதங்கள் மின்சுமை மாறி ஒரு மெல்லிய கோட்டில் குவியும். குழாயின் நீளத்தில் கால் பங்குக்குக்கூட மாதிரி ஏற்றலாம்.

முழுப் புரதத்தை ஓட்டுவதா, வெட்டிப் பெப்டைடாக ஓட்டுவதா?

கேள்வி என்ன என்பதைப் பொறுத்தது. வெட்டினால் அடையாளம் எளிது, ஆனால் எந்தத் துண்டு எந்தத் துண்டோடு ஒரே மூலக்கூறில் இருந்தது என்பது தொலைந்துவிடும். ஒரே ஜீனிலிருந்து வரும் புரதம் பாஸ்பேட்டோடும் இல்லாமலும், முனை வெட்டப்பட்டும் படாமலும் பல வடிவங்களில் திரியும். இவற்றுக்கு 2013-இல் புரோட்டியோஃபார்ம் என்று பெயர் வைத்தார்கள். அவற்றைத் தனித்தனியே பார்க்க முழுப் புரதமே வேண்டும்.

வெட்டாமல் முடியாத இடமும் உண்டு. ஹீமோகுளோபின் ஈ வகையில் 26-ஆம் இடத்தில் குளூட்டாமிக் அமிலம் லைசினாகிறது. சி வகையில் அதே மாற்றம் 6-ஆம் இடத்தில். இரண்டிலும் நிறை ஒரே அளவு, கணக்கில் மின்சுமையும் ஒரே அளவு. மேலே பெருமையாகச் சொன்ன இரண்டு கண்களும் இங்கே சேர்ந்தே மூடிக்கொள்ளும். டிரிப்சின் போட்டால் விடை வந்துவிடும். அது லைசினுக்கும் ஆர்ஜினினுக்கும் பின்னால் வெட்டும் நொதி. புதிய லைசின் வந்த இடத்தில் புதிய வெட்டு விழும். சியில் முதல் எட்டு அமினோ அமிலத் துண்டு ஆறும் இரண்டுமாக உடையும், ஈயில் 18 முதல் 30 வரையுள்ள துண்டு ஒன்பதும் நான்குமாக உடையும். இங்கிராம் தாளில் பார்த்ததை நாம் கேப்பிலரியில் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

மருந்துத் துறையில் இதை எதற்குப் பயன்படுத்துகிறார்கள்?

முக்கியமாக ஒற்றைப்படி எதிர்ப்பொருள் (மோனோகுளோனல் ஆன்டிபாடி) மருந்துகளுக்கு. ஒரு மூலக்கூறு ஏறத்தாழ 1,50,000 டால்டன். சேமிப்பில் ஓர் அஸ்பரஜின் அஸ்பார்டிக் அமிலமாக மாறினால் நிறை 0.98 டால்டன்தான் கூடும். முழு மூலக்கூறின் நிறையில் அது தெரியவே தெரியாது. மின்சுமை ஒன்று மாறுவதால், பிஹெச் சரியாக இருந்தால், சிஇயில் தெரியும். சங்கிலி முனையில் லைசின் மிஞ்சியிருந்தால் 128 டால்டனும் ஒரு நேர்மின்சுமையும் கூடும், இதை இரண்டும் பார்க்கும். சர்க்கரைத் தொடர்களில் ஒரு ஹெக்சோஸ் கூடினால் 162 டால்டன், மின்சுமை மாறாது, இதை எம்எஸ் பார்க்கும். மின்சுமை வகைகளைப் பிரிக்க ஐசோஎலக்ட்ரிக் ஃபோகசிங்கும் உண்டு, அதில் ஒவ்வொரு புரதமும் தன் மின்சுமை பூஜ்யமாகும் பிஹெச்சில் நின்றுவிடும். ஆனால் அந்தப் பிஹெச் சரிவை உண்டாக்கும் ஆம்ஃபோலைட்டுகள் எம்எஸ் சமிக்ஞையை அமுக்கிவிடும், குறைத்துப் போட வேண்டியிருக்கும்.

மருத்துவத்தில் சிறுநீர்ப் பெப்டைடுகளை சிஇ–எம்எஸ்ஸில் பார்த்து நாள்பட்ட சிறுநீரக நோயைக் கணிக்கும் முறை ஒன்று 2010-இல் வெளியானது. 273 பெப்டைடுகளின் தொகுப்பு அது.

மால்டியோடு (லேசரால் அயனியாக்கும் எம்எஸ் முறை) இணைக்க முடியுமா?

முடியும், நேரடியாக அல்ல. வெளியே வருவதைத் தகட்டில் சொட்டுச் சொட்டாகப் பதித்து, பிறகு லேசரில் வைக்க வேண்டும். பட்டைகள் சில நொடிகளே அகலம் என்பதால் சொட்டுகளுக்கு இடையே பிரிப்பு கொஞ்சம் வீணாகும்.

நேற்று 14-ஆவது நிமிடத்தில் வந்த புரதம் இன்று 16-இல் வருகிறது. என்ன செய்வது?

எலக்ட்ரோஆஸ்மோசிஸ் மாறியிருக்கிறது, அதாவது சுவர் மாறியிருக்கிறது. நிமிடத்தை ஒப்பிடாதீர்கள். தெரிந்த இரண்டு பொருள்களை உள்ளே போட்டு, நகர்திறனாக மாற்றி ஒப்பிடுங்கள். நேரம் ஆடும்போதும் நகர்திறன் பெரும்பாலும் நிலையாக இருக்கும்.

மின்னோட்டம் திடீரென்று பூஜ்யமாகிவிடுகிறது.

குமிழி. அல்லது முனை அடைத்திருக்கிறது, அல்லது குப்பியில் பஃபர் தீர்ந்திருக்கிறது. கேப்பிலரியைக் கரைசலால் கழுவி, குறைந்த மின்னழுத்தத்தில் ஆரம்பித்து மெதுவாக ஏற்றுங்கள்.

மின்னோட்டம் சரி, ஆனால் பட்டைகள் எதிர்பார்த்ததை விடச் சீக்கிரம், அகலமாக வந்தால் உயரத்தைப் பாருங்கள். உள் குப்பி தெளிப்பு முனையை விட உயரத்தில் இருந்தால் திரவம் தானாக வழியும். தெளிப்பு வாயுவும் முனையில் இழுக்கும். மாதிரி ஏற்றும்போது அந்த வாயுவை நிறுத்திவைப்பது நல்ல பழக்கம்.

தெளிப்பே ஆடினால் முனையை உருப்பெருக்கியில் பாருங்கள். ஒருமுறை இரண்டு வாரம் பஃபரையும் மின்னழுத்தத்தையும் மாற்றி மாற்றி அலைந்தேன். கடைசியில் பார்த்தால் முனையில் பாலிஇமைடு பூச்சு கரிமக் கரைப்பானில் ஊறி உப்பி, துளையின் மேல் மீசை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. கடைசிச் சில மில்லிமீட்டர் பூச்சை எரித்துத் துடைத்துவிட்டு, நேராக வெட்டிய முனையை மாட்டினேன். அன்று மாலையே வேலை நடந்தது.

முதல் ஓட்டத்துக்கு எந்த மாதிரியை எடுப்பது?

உங்கள் அரிய மாதிரியை மட்டும் வேண்டாம். எளிதில் கிடைக்கும் புரதங்கள் சிலவற்றைக் கலந்துகொள்ளுங்கள்: லைசோசைம் 14,305 டால்டன், குதிரை சைட்டோகுரோம் சி 12,360, ரிபோநியூக்ளியேஸ் ஏ 13,682, குதிரை மயோகுளோபின் 16,951. முதல் மூன்றும் காரத்தன்மை மிக்கவை, சுவர் கெட்டிருந்தால் அவற்றின் வால் காட்டிக்கொடுத்துவிடும். மயோகுளோபின் இன்னொன்றைச் சொல்லும். அமிலத்தில் அது தன் ஹீமை (இரும்பு தாங்கிய பகுதி) உதறிவிடும், 16,951 தெரியும், 616-இல் ஹீம் தனியாகத் தெரியும். நடுநிலை அம்மோனியம் அசிட்டேட்டில் மென்மையாகத் தெளித்தால் இரண்டும் சேர்ந்து 17,567 தெரிய வேண்டும். அங்கேயும் 16,951தான் வருகிறது என்றால் தெளிப்பு முனையில் அமிலம் கலக்கிறது, அல்லது எம்எஸ் நுழைவாயிலில் மின்னழுத்தமோ சூடோ அதிகம். உறைத் திரவம் வைத்திருந்தால் முதலில் அதில் அமிலம் இருக்கிறதா என்று பாருங்கள்.